மேல் படியில் ஜெபின்

“என்னை எப்போ மேல் படிக்கு அனுப்புவீங்க மாஸ்டர்?”

பல நாளாகத் தொண்டையிலேயே வைத்திருந்த கேள்வி. மாதேஷ் ஒருவழியாகக் கேட்டுவிட்டான்.

மாஸ்டர் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“ஏன், கீழ் படியில என்ன குறை?”

“குறை ஒண்ணும் இல்ல.”

“அப்புறம்?”

“எனக்குத் தகுதி வந்துடுச்சுன்னு நினைக்கிறேன்.”

மாஸ்டர் ஒரு தலையணை உறையை உதறினார். தண்ணீர் மாதேஷின் முகத்தில் தெறித்தது.

மாஸ்டர் என்றால் பரோட்டா மாஸ்டரும் இல்லை, டான்ஸ் மாஸ்டரும் இல்லை. பெயர் தாட்சாயணி. ஆன்லைன் போக்கர் சொல்லிக் கொடுப்பவர். பெங்களூரில் பொம்மசந்திரா பக்கம் ஒரு சந்தில், முன் போர்ஷனில் வகுப்பு, பின் போர்ஷனில் குடித்தனம். மாதேஷைவிட வயதில் சின்னவர். அதனால் அவனை ‘நீங்க’ என்பார். அவனுக்கு அப்புறம் வந்த, தன்னைவிடச் சின்னவனான ஜெபினை ‘நீ’ என்பார்.

காரணம் மாதேஷுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு ‘நீ’யும் அவனுக்குள் எங்கேயோ போய்க் குத்தியது.

அவன் லேப்டாப்பைத் திறந்து துணிக்கொடி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தான்.

“இதைப் பாருங்க மாஸ்டர். இவ்வளவு நாள் ஆட்டத்தோட லாபக் கோடு. மேல போய்க்கிட்டே இருக்கு. ஜெபினோட கோடு இதைவிடக் கீழ.”

“அவன் கோட்டை எப்படிப் பார்த்தீங்க?”

“ஒரே ரூம்தானே.”

“காட்டினானா?”

மாதேஷ் திரையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினான்.

மாஸ்டர் திரையைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

“உங்க கணக்கு சரி.”

“அப்போ?”

“கணக்கு வந்துடுச்சு. ஆள் வரட்டும்.”

காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

*

போக்கர் டோர்னமென்டில் எல்லோரும் ஒரே நுழைவுக் கட்டணம் கட்டுவார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு சிப்ஸ். சிப்ஸ் தீர்ந்தவன் வெளியே. கடைசிவரை நிற்கும் சிலருக்குத்தான் பரிசு.

கட்டணம் குறைவான ஆட்டங்கள் கீழ் படி. கட்டணம் கூடினால் மேல் படி. அங்கே எதிரில் உட்கார்ந்திருப்பவனும் கூரானவன். அவசரப்பட்டு ஏறினால் சேமிப்பு மொத்தமும் சில வாரத்தில் கரைந்துவிடும். ஏறாமலே இருந்தால் காலம் கரையும்.

மாதேஷுக்கு இரண்டுமே பயம்.

அவன் புள்ளியியல் படித்தவன். பாலக்கோடு பக்கத்தில் அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பார்த்த வேலையை விட்டுவிட்டு, சேமிப்பை வைத்துக்கொண்டு, தனக்கு ஒரு வருஷம் கொடுத்திருந்தான். அப்பாவிடம் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று சொல்லியிருந்தான். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

சேமிப்பு போனால் வருஷமும் போச்சு. பழைய மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் சேர்த்துக்கொள்வார். சேர்த்துக்கொண்டு சிரிப்பார்.

*

ஜெபின் மார்த்தாண்டத்துக்காரன். பி.ஜி. விடுதியில் மாதேஷின் அறையிலேயே அடுத்த கட்டில்.

வந்த புதிதில் அவனுக்கு எந்தச் சீட்டு எதை வெட்டும் என்றுகூடத் தெரியாது. மெஸ்ஸில் தட்டை நகர்த்திவிட்டு, நிஜச் சீட்டுக் கட்டைப் பரப்பி, மாதேஷ்தான் சொல்லிக் கொடுத்தான். ‘அண்ணா, இன்னொரு வாட்டி’ என்பான் ஜெபின். மாதேஷ் இன்னொரு வாட்டி சொல்வான். அந்த நாட்களில் அவனுக்கு ஜெபினை ரொம்பப் பிடிக்கும்.

பிறகு ஒருநாள் வகுப்பு முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் சும்மா சொல்வது போலச் சொன்னார்.

“ஜெபின், நீ மேல ஆடிப் பாரு.”

“செரி மாஸ்டர்.”

அவ்வளவுதான். ஜெபின் கேட்கவும் இல்லை, கோடு காட்டவும் இல்லை. ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில்.

மாதேஷின் செருப்பு இரண்டும் காலில்தான் இருந்தன. ஆனால் நடக்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஜெபின் எதைச் செய்தாலும் மாதேஷுக்கு அதில் மேல் படி தெரிந்தது. இரண்டாவது தடவை பூரி கேட்டான், மேல் படி. படுத்ததும் தூங்கினான், மேல் படி. குளிக்கும்போது பாடினான். குரல் சகிக்காது. அதிலும் மேல் படி.

“என்னண்ணா, ஒரு மாதிரி இருக்கீங்க?”

“ஒண்ணும் இல்லடா.”

“நீங்களும் மேல வந்தா நல்லா இருக்கும் அண்ணா.”

குத்திக் காட்டுகிறான் என்று மாதேஷ் முடிவு செய்தான்.

*

மாஸ்டர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆடி முடித்தவன் ஜெயித்தானா தோற்றானா என்று யாரும் கேட்கக் கூடாது. அவனும் சொல்லக் கூடாது. அன்று ஆடிய ஆட்டத்திலிருந்து ஒரே ஒரு கையை, அதாவது ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடியதை, மட்டும் சொல்ல வேண்டும். என்ன சீட்டு வந்தது, என்ன யோசித்தேன், என்ன செய்தேன். அவ்வளவுதான்.

முன்பெல்லாம் அந்த வழக்கம் மாதேஷுக்குப் பிடித்திருந்தது. இப்போது அது ஒரு சித்திரவதை. ஜெபின் மேலே ஜெயிக்கிறானா, மண்ணைக் கவ்வுகிறானா? தெரியாமல் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒரு வழி இருந்தது. ஆன்லைனில் யாருடைய மேசையையும் யாரும் திறந்து வேடிக்கை பார்க்கலாம். கையில் உள்ள சீட்டு தெரியாது. பந்தயம் தெரியும், சிப்ஸ் தெரியும். கடைசியில் இருவர் மோதினால் சீட்டும் திறந்து காட்டப்படும்.

ஜெபின் ஆடும் பெயர் ‘நேந்திரம்பழம்’. தேடினால் கிடைத்துவிடும்.

*

ஞாயிறு மதியம். முன் போர்ஷனில் இருவரும் முதுகோடு முதுகாக உட்கார்ந்து ஆடினார்கள்.

மாதேஷின் திரையில் இரண்டு மேசைகள். இடது பக்கம் அவனுடையது. வலது பக்கம் நேந்திரம்பழம்.

முதலில் வலது பக்கத்தைச் சின்னதாக வைத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் பெரிதாக்கினான். பிறகு இடது பக்கத்தைச் சின்னதாக்கினான்.

வலது பக்கத்தில் ஒருவன் தன் சிப்ஸ் அத்தனையையும் நடுவில் தள்ளினான். இப்போது நேந்திரம்பழத்தின் முறை. ஏற்கலாம், இல்லை சீட்டை மடக்கி விலகலாம். ஏற்றுத் தோற்றால் வெளியே.

மடக்குவான், என்று நினைத்தான் மாதேஷ். மடக்கினால் கோழை.

ஏற்பான். ஏற்றால் முட்டாள்.

முதுகுக்குப் பின்னால் ஜெபினின் நாற்காலி கிறீச்சிட்டது. மாதேஷ் மூச்சை அடக்கினான். அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்திருப்பது போலிருந்தது. எதிராளி இதுவரை எப்படி ஆடினான், எத்தனை பேர் மிச்சம், எவ்வளவு சிப்ஸ் மிச்சம். எல்லாம் கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு நன்றாக அவன் என்றைக்கும் யோசித்ததில்லை.

நேந்திரம்பழம் ஏற்றது. சீட்டுகள் திறந்தன. ஜெபினிடம் இரண்டு ஒன்பது. எதிராளியிடம் வெறும் மிரட்டல்.

ஜெபின் ஜெயித்துவிட்டான்.

அப்போதுதான் மாதேஷ் இடது பக்கத்தைப் பார்த்தான். அவனுடைய மேசையில் ஒரு கை முடிந்து, சீட்டுகள் மங்கிக் கிடந்தன. முடிவெடுக்கச் சில நொடிகள்தான் உண்டு. நேரம் தீர்ந்தால் கம்ப்யூட்டரே சீட்டை மடக்கிவிடும். மடக்கியிருந்தது.

மங்கிய சீட்டுகளைக் குனிந்து பார்த்தான். இரண்டு ஏஸ். இந்த ஆட்டத்தில் அதைவிடப் பெரிய தொடக்கம் கிடையாது.

யாராவது பார்த்தார்களா என்று திரும்பினான். யாரும் பார்க்கவில்லை.

*

ஆட்டம் முடிந்து மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் டீ கொண்டுவந்தார்.

“மாதேஷ், ஒரு கை சொல்லுங்க.”

மாதேஷ் தேடினான். இரண்டு ஏஸ் முன்னால் வந்து நின்றது. அதைச் சொல்ல முடியாது. அதைத் தள்ளிவிட்டு வேறு ஒன்றைத் தேடினான். எல்லாம் புகை மூட்டம். அந்தப் புகைக்குள் ஒரே ஒரு கை மட்டும் பளிச்சென்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டான்.

“ரெண்டு ஒன்பது, மாஸ்டர். எதிர்ல இருக்கறவன் எல்லாத்தையும் தள்ளிட்டான். அதுக்கு முன்னாடி அவன் ரெண்டு தடவை சும்மா மிரட்டினதை நான் கவனிச்சு வச்சிருந்தேன். மடக்கலாமான்னு யோசிச்சேன். மடக்கினா அடுத்த சுத்துக்கே சிப்ஸ் பத்தாது. அதனால…”

சொல்லிக்கொண்டே போனான். வகுப்பில் அவன் சொன்ன கைகளிலேயே இதுதான் சிறந்தது. மாஸ்டர் டீ குடிக்காமல் கேட்டார்.

சொல்லி முடித்ததும் ஜெபின் மெதுவாக வாயைத் திறந்தான்.

“அண்ணா… அது எனக்க கை.”

சந்தில் ஒரு தண்ணீர் லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

“நீங்க பாத்துட்டா இருந்தீங்க?” என்றான் ஜெபின். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா. அங்க ஒத்தைக்கு உக்காந்திருக்கோம்னு நெனச்சேன்.”

மாதேஷ் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி. இப்போ உங்க கை ஒண்ணு சொல்லுங்க,” என்றார் மாஸ்டர்.

“ரெண்டு ஏஸ் வந்துச்சு.”

“என்ன செஞ்சீங்க?”

“மடங்கிடுச்சு.”

“யார் மடக்கினா?”

“யாரும் மடக்கல. நேரம் முடிஞ்சு போச்சு.”

மாஸ்டர் டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

“மேல் படிக்கு எப்போ அனுப்புவீங்கன்னு கேட்டீங்க இல்ல?”

“ஆமா.”

“நீங்க ரொம்ப நாளா மேலதான் உக்காந்து ஆடிட்டு இருக்கீங்க மாதேஷ். கீழ உங்க நாற்காலியில யாரு?”

டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

*

மாதேஷுக்கு அது பாடமாகப் படவில்லை. அவமானமாகப் பட்டது.

ஜெபின் முன்னால் சொன்னார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவனை ‘நீ’ என்று உட்காரவைத்துக்கொண்டு என்னை ‘நீங்க’ என்று அறைந்தார்.

வழியில் ஜெபின் பேக்கரியில் நின்றான்.

“அண்ணா, எக் பஃப்ஸ்?”

“வேண்டாம்.”

“எனக்குப் பசிக்கு.”

“நீ சாப்பிடு. உனக்கென்ன.”

ஜெபின் பஃப்ஸைப் பிட்டு, பாதியை அவனிடம் நீட்டினான். மாதேஷ் வாங்கவில்லை. அடுத்த தெருவரைக்கும் அந்தப் பாதி ஜெபினின் கையிலேயே இருந்தது.

அந்த மாதக் கடைசி ஞாயிறு மேல் படியில் ஒரு பெரிய டோர்னமென்ட். கட்டணம் வழக்கத்தைவிடப் பல மடங்கு. ஜெபின் பெயர் கொடுத்திருந்தான். மாஸ்டரே கொடுக்கச் சொல்லியிருப்பார், என்று நினைத்தான் மாதேஷ். கேட்கவில்லை. கேட்டால் ‘இல்லை’ என்று பதில் வந்துவிடுமோ என்று பயம். கோபத்துக்கு அந்த நினைப்பு தேவையாக இருந்தது.

ஜெபின் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மாதேஷ் அந்த டோர்னமென்டின் பக்கத்தைத் திறந்தான்.

பெயர்ப் பட்டியலில் நேந்திரம்பழம் இருந்தது.

அவன் கணக்குப் போட்டான். கணக்கில்தான் அவன் புலி. இந்தக் கட்டணத்தைக் கட்டினால் சேமிப்பில் பெரும்பங்கு போய்விடும். தோற்றால் வருஷம் முடிந்தது. பழைய மேனேஜரின் சிரிப்பு. இப்படி ஒரு கணக்கை வேறு எவனாவது கொண்டுவந்து காட்டியிருந்தால், உனக்குப் பைத்தியமா என்று கேட்டிருப்பான்.

குளியலறையில் ஜெபின் பாட ஆரம்பித்தான்.

மாதேஷ் பட்டனை அழுத்தினான்.

ஆட்டம் தொடங்கும்வரை பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று கீழே ஒரு வரி இருந்தது. எடுப்பதாக இல்லை.

பெயர்ப் பட்டியலில் தன் பெயருக்கும் நேந்திரம்பழத்துக்கும் நடுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

*

அந்த ஞாயிறு காலை மாஸ்டர் அவரைக்காய் வாங்கிவைத்திருந்தார். உரித்து, ஊறவைத்த பருப்பு ஒரு பெரிய பாத்திரத்தில் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுக்க வேண்டும்.

“சும்மாதானே உக்காந்திருக்கீங்க. பிதுக்குங்க,” என்றார்.

பிதுக்கினார்கள். பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே குதித்தது. ஜெபின் பிதுக்கிய ஒன்று மாதேஷின் சட்டையில் வந்து ஒட்டியது.

“உங்க ஊர்ல இது உண்டாண்ணா?”

“எங்க ஊர்லேருந்துதான் பெங்களூருக்கே வருது.”

“அதான் இவ்ளோ வழுக்குதா?”

மாஸ்டர் சிரித்தார். மாதேஷுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

பிறகு ஜெபின், பாத்திரத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

“மாஸ்டர், நான் கீழ வந்துருதேன்.”

மாதேஷின் கை நின்றது.

“எப்போலேருந்து?” என்றார் மாஸ்டர்.

“இன்னைக்கே. காலையில பெரிய ஆட்டத்துல இருந்து பேரை எடுத்துட்டேன். இனிமே போறதுக்கும் மனசில்ல.”

“பயமா?”

“பயம்னு இல்ல. அங்க உக்காந்தா எனக்கு சீட்டே தெரிய மாட்டேங்கு. கட்டணம்தான் தெரியுது. ஒவ்வொரு சீட்லயும் அதுதான் எழுதியிருக்க மாதிரி இருக்கு. அன்னைக்கு அந்த ரெண்டு ஒன்பதுகூட, யோசிச்செல்லாம் ஏக்கல மாஸ்டர். சீக்கிரம் முடிஞ்சா போதும்னு ஏத்துட்டேன்.”

“சரி,” என்றார் மாஸ்டர்.

“திட்ட மாட்டீங்களா?”

“எதுக்கு? பருப்பைப் பாத்துப் பிதுக்கு. பாதி வெளியில விழுது.”

மாதேஷுக்குள் ஒன்று துள்ளியது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் துள்ளியது. அவன் தலையைக் குனிந்து, பருப்பைப் பிதுக்குவது போல முகத்தை மறைத்துக்கொண்டான். ஜெபின் இறங்கிவிட்டான். ஜெபின் இறங்கிவிட்டான். நல்ல வேளை, இதை யாரும் மேசை திறந்து பார்க்க முடியாது.

“மாதேஷ்.”

“சொல்லுங்க மாஸ்டர்.”

“இன்னியிலேருந்து நீங்க மேல் படியில ஆடலாம்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். மாஸ்டர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவன் எத்தனை நாள் தூங்காமல் இருந்திருக்கிறான். குளிக்கும்போது, பஸ்ஸில், சாப்பிடும்போது, மாஸ்டரின் குரலிலேயே இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறான். கேட்டதும் எப்படி நெஞ்சு நிறையும் என்றுகூட அவனுக்குத் தெரியும்.

நெஞ்சு நிறைவதற்காகக் காத்திருந்தான்.

பருப்பு ஒன்று விரலிலிருந்து நழுவிப் பாத்திரத்துக்குள் விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

ஒன்றும் வரவில்லை. மேல் படியை மனதில் நினைத்துப் பார்த்தான். அறிமுகமில்லாத பெயர்கள், பெரிய பெரிய சிப்ஸ் குவியல்கள், விளக்கு வெளிச்சம். நேற்றுவரை அங்கே ஒரு முகம் இருந்தது. இன்று இல்லை. கடைசி பஸ் போன பிறகு பஸ் ஸ்டாண்டு இருக்குமே, அப்படி இருந்தது.

ஏதாவது சொல்ல வேண்டும். நன்றி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

“அப்போ ஜெபின் இன்னிக்கு எந்த டோர்னமென்ட்ல இருப்பான்?”

குரல் அவனுடையதுதான். ஆனாலும் கேட்டது யார் என்று ஒரு கணம் சுற்றிப் பார்த்தான்.

மாஸ்டர் பருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜெபின் மட்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காக, “கீழதான் அண்ணா,” என்றான்.

மாதேஷ் கையைக் கழுவினான். முன் போர்ஷனுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தான். பெரிய ஆட்டத்தின் பட்டியலில் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, எடுத்தான்.